பூஜ்யத்தில் நிற்காத குமிழ்

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு வளையம், பட்டை எல்லாம் வெட்டித் தருகிற சின்னப் பட்டறை என்னுடையது. போன மாதம் ஒரு பெண் வந்து, கருப்புக் குமிழ் ஒன்றை மேசையில் வைத்தார்.

"இதுக்கடியில போட மெல்லிசா வளையம் வேணும், அண்ணே. தோல் வேணாம், அமுங்கிடும். பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டுங்க."

"இது இன்னாம்மா?"

"துப்பாக்கி மேல மாட்டுற தொலைநோக்கியோட குமிழ். தூரத்துக்கு ஏத்த மாதிரி திருப்புவோம். திரும்பக் கொண்டாந்தா பூஜ்யத்துல நிக்காம தாண்டிப் போய்டுது. அடியில வளையம் இருந்தா தாண்டாது."

ஏலகிரிப் பக்கம் யாரோ திருட்டு வேட்டை ஆடுகிறார்கள் என்று பேச்சு இருந்த நேரம். பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி என்று மனம் குடைந்தது. அவர் சிரித்த முகம்கூட நடிப்பாகப் பட்டது.

"மிஷின் சூடாகணும், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் போலீசுக்கு போன் செய்தேன்.

வந்த காவலரிடம் அவர் பதறாமல் காகிதங்களை நீட்டினார். போட்டிகளில் சுடுகிற ஏர் ரைபிள். எல்லாம் முறையாக இருந்தது. காவலர் போனதும் நான் தலை நிமிரவில்லை.

"இப்ப மிஷின் சூடாய்டுச்சா?" என்றார்.

இரண்டு வளையம் போட்டோம்; குமிழ் இன்னும் தாண்டியது. மூன்றாவதைப் போட்டதும் பூஜ்யத்தில் டக்கென்று நின்றது.

கிளம்பும்போது சொன்னார்: "போன் பண்ணது தப்பில்ல, அண்ணே. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்."

நான் கேட்டதற்கு அவர் உண்மையைத்தான் சொன்னார். அன்று அந்தப் பட்டறையில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.