மிதிக்காத கால்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மானிப்பாயில் சீமெந்தும் கம்பியும் விற்கும் என் கடை என் முதுகால் எழுந்தது. ஒருவர் தயவும் இல்லை.

அதோடு நான் காலால் பிறந்தவன்; தலைக்கு முன் கால்தான் வெளியே வந்ததாம். காலால் பிறந்தவன் மிதித்தால், இடுப்பை நிமிரவிடாத நாரிப்பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். என் காலுக்கு அது பலித்தது. பெரிய உத்தியோகத்தர்களும் என் கடை வாசலில் சேர்ட்டைக் கழற்றிக் குப்புறப் படுத்திருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வைத்தியமே நான்தான்.

போன மாரியில் ஒரு காலை, லொறியிலிருந்து கடைக்குப் போட்ட பலகை ஈரத்தில் வழுக்கி, என்னிடம் நெடுங்காலம் வேலை செய்தவன் சீமெந்து மூட்டையோடு விழுந்தான். மூட்டை அவன் நாரியில் விழுந்தது. அதைத் தூக்கி எறிந்தோம்.

"பிடிச்சுப்போட்டுது. முதலாளி, ஒருக்கா மிதிச்சு விடுங்கோ," என்றான் லொறிக்காரன்.

"முதலாளியின்ரை மிதி வாங்கத்தானே விழுந்தவன்!" என்று இன்னொருவன் பகிடி விட்டான்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிச் செருப்பைக் கழற்றினேன். கிடந்தவனும் சிரித்தான்.

"முதலிலை என்ரை காலிலை கிடக்கிற மூட்டையை எடுங்கோடா. விறைக்குது."

அவன் காலில் ஒன்றுமே இல்லை.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று கத்தினேன். அம்புலன்ஸ் வரும்வரை எவரையும் கிட்ட விடவில்லை.

முள்ளந்தண்டு உடைந்துவிட்டது, மிதிக்காமல் விட்டது நல்லது என்றார் டொக்டர். அவனிடமும் அதைச் சொன்னார். அவன் நம்பவில்லை. இப்போது வீட்டில் கட்டிலோடு கிடக்கிறான். நான் போகும்போதெல்லாம் அதே கதைதான்.

"ஊருக்கெல்லாம் மிதிச்சனீங்கள். எனக்கு மட்டும் ஏன் காலைத் தூக்கேல்லை?"

"உடைஞ்ச எலும்பு தம்பி. மிதிச்சா இன்னும் நொருங்கியிருக்கும்."

"உங்கடை காலுக்கு மாறாத நோவு இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

சொன்னவன்தான். அதுவும் ஒருநாள் இருநாள் அல்ல.

போன கிழமை போனபோது குப்புறக் கிடந்தான். மனைவியைக் கெஞ்சிப் பிரட்டுவித்திருக்கிறான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெல்லமா எண்டாலும் ஒருக்கா மிதியுங்கோவன் அண்ணை," என்றாள்.

நான் குனிந்து, அவளையும் பிடிக்கச் சொல்லி, அவனை நிமிர்த்திக் கிடத்தினேன். கால்கள் இரண்டும் ஈர்க்காகிவிட்டன. பாரமே இல்லை.

"மிதிக்கச் சொல்லியெல்லோ கேட்டனான்," என்றான், சுவரைப் பார்த்தபடி.