பளிச்சக்கா கழுவிய கல்

விமான ஓடுதளத்தில் கான்கிரீட்டின் மேல் போட்ட தார், அடியை விட்டுப் பிரிந்துவிட்டதா என்று மேலே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பள்ளியை முடித்த புதிதில் ஒருவர் என்னைக் கேட்டார். திருதிருவென்று விழித்தேன். பளிச்சக்காவுக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

பளிச்சக்கா சோதனைத் தளத்தில் துளையிடும் இயந்திரம் ஓட்டுபவர். பழைய கான்கிரீட்டின் மேல் தார் போட்டு, அது எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்கும் இடம் அது. அக்கா இரண்டையும் சேர்த்துத் துளைத்து, உருளையாக ஒரு கல்லை எடுத்துக் கொடுப்பார். தார் ஒட்டியிருக்கிறது என்று பொறியாளர் சொன்னால், அக்காவின் தம்பி விமானச் சக்கரம் மாட்டிய பாரவண்டியை அதன்மேல் ஓட்டுவான்.

எடுத்த கல்லை பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்த பிறகே அக்கா மேசையில் வைப்பார். வீட்டில் செருப்பின் அடியைக்கூட விடமாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"கல்லுக்கு என்னக்கா, கல்யாணமா?" என்பான் தம்பி.

"உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலைடா. போய் வண்டியை எடு."

ஒருநாள் கல் இரண்டாக வந்தது. தார் தனி, கான்கிரீட் தனி. நடுவில் ஈரச் சேறு அப்பியிருந்தது. துளைக்கும்போது ஊற்றுகிற தண்ணீரில் கரைந்த தூள்தான் என்று நினைத்து, அக்கா வழக்கம்போலக் கழுவிவிட்டார்.

பொறியாளர் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "என்னம்மா, முன்னாடியே பிரிஞ்சிருந்துதா, மிஷின் முறுக்கி உடைஞ்சுதா?"

"மிஷின்தான் சார். காலையிலேருந்தே ஆட்டம் காட்டுது."

முன்பே பிரிந்திருந்தால் நடுவில் மண் ஏறியிருக்கும்; ஆனால் பிரிந்த இடத்தில் அழுக்கே இல்லை. அவரும் நம்பினார். வண்டி ஓடலாம் என்றார்.

தம்பி முழுப் பாரத்தோடு வந்து பிரேக் போட்டான். சக்கரத்தின் அடியில் தார் பாய் போலச் சுருண்டு நழுவியது. வண்டி கவிழ்ந்தது. பாரத்துக்காக அதன்மேல் அடுக்கியிருந்த இரும்புக் கட்டிகள் அவன் வலது காலில் சரிந்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தளத்தில் குறையில்லை, ஓட்டியவன்தான் பிரேக்கை ஒரேயடியாக மிதித்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. பொறியாளரும் அதையே சொன்னார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த தம்பிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான்தான் மிதிச்சுட்டேனோ அக்கா? யோசிச்சுப் பார்த்தா ஒண்ணும் ஞாபகம் வரல."

காலும் போய், இந்தப் பழியும் சேர்ந்தால் அவன் தாங்கமாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும்.

தார் நழுவிய இடத்தில் விழுந்தபோது அவன் போட்டிருந்த கால்சட்டையை வீட்டில் அலசினார். ரத்தக் கறை போன பிறகும் தண்ணீர் பழுப்பாகவே வந்தது. அக்காவின் கை நின்றது. துளைக்கிற தூள் எப்போதும் சாம்பல் நிறம்தான். அன்று கல்லிலிருந்து கழுவியதும் இதே பழுப்பு! கான்கிரீட் இடுக்கு வழியாக அடிமண் மேலே ஏறி, தாரை முன்பே பிரித்திருக்கிறது.

நேராகப் பொறியாளரிடம் போனார்.

"அன்னிக்கு நடுவுல சேறு இருந்துது சார். நான்தான் கழுவிட்டேன்."

"கழுவின கல்லை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"பக்கத்துலயே இன்னொண்ணு எடுக்கிறேன். நீங்க கூடவே நில்லுங்க."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கூட வந்தார். அந்தக் கல்லும் இரண்டாகத்தான் வந்தது. அக்கா தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பொறியாளர் நடுவில் இருந்ததை நகத்தால் சுரண்டினார். பழுப்பு.

"உன் தம்பி மேல தப்பில்லம்மா. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அக்கா மருத்துவமனைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னார். கழுவியதையும் மறைக்கவில்லை. முதலில் அவன் முகம் தெளிந்தது. பிறகு கேட்டான்.

"அப்போ அன்னிக்கு நீ அதைக் கழுவாம இருந்திருந்தா, நான் வண்டியே எடுத்திருக்க மாட்டேன். அப்படித்தானே?"

"ஆமாடா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடியும்வரை அக்கா அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

துளையிடும் வேலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள். கல் இரண்டாக வந்தால், வந்தபடியே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.