காவடிக்கு வராத கிரேன்

மற்றவர்கள் வீட்டு வாசலில் மாடு நிற்கும், மிஞ்சிப்போனால் டிராக்டர் நிற்கும். எங்கள் வீட்டு வாசலில் கிரேன் நின்றது. பாப்பாரப்பட்டியில் இறங்கி யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள் என்றுதான் சொல்வார்கள்.

பழைய பட்டாள லாரி ஒன்றின் முதுகில் ஏற்றிவைத்த கிரேன் அது. எங்கோ அணை கட்டுவதற்காகச் சீமையிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் ஏலத்தில் போய், பல கை மாறி, கடைசியில் கல் குவாரி வேலைக்காக அப்பாவிடம் வந்து சேர்ந்ததாம். ஓடுவதற்கு ஒரு இன்ஜின், தூக்குவதற்கு மேலே இன்னொரு இன்ஜின். இரண்டும் ஒரே நாளில் நல்லபடியாகக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

இப்போதைய மஞ்சள் கிரேன்களில் எண்ணெயின் அழுத்தம் பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டுகிறவர் கையை எடுத்தாலும் தூக்கியது தூக்கிய இடத்திலேயே நிற்கும். எங்கள் கிரேனுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கம்பிக் கயிற்றில் தொங்கும் கல்லை இறக்கும்போது அதைத் தாங்குவது ஓட்டுகிறவரின் வலது கால்தான். பிரேக்கை மிதித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். கால் சற்றே கூடுதலாக விட்டுக்கொடுத்தால் பாரம் நேராகத் தரைக்கு வந்துவிடும். அப்பா யானை பருமன் கல்லை, தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவதுபோல் இறக்குவார். அதைப் பார்ப்பதற்கென்றே குவாரிக்கு ஆட்கள் வருவார்கள்.

என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்தன்று பறவைக் காவடி எடுப்பது. முதுகிலும் காலிலும் கொக்கி குத்தி மச்சானின் கிரேனிலேயே தொங்குவது. பிள்ளையைக் கையில் வாங்கிக் கோபுரத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவது. தம்பி பிழைத்தான். மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்பா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்றுதான் பொருள்.

அந்த மார்கழியில் எனக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்திருந்தது. அப்பா நடந்து போகும்போது செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். நான் ஓடிப்போய் எடுத்துவந்து, "அப்பா, செருப்பு எங்க?" என்பேன். அவர் குனிந்து காலைப் பார்ப்பார், பிறகு சிரிப்பார். "உங்கப்பாவுக்கு நெனப்பெல்லாம் குவாரியிலதான்" என்பாள் அம்மா.

தைப்பூசத்தன்று காலையில் கிரேனைக் கழுவி, வாழைக்கன்றும் தோரணமும் கட்டியிருந்தோம். விரதம் இருந்து இளைத்த உடம்போடு மாமா மஞ்சள் வேட்டியில் வந்து நின்றார். மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். அப்பா மேலே ஏறி உட்கார்ந்து வெறும் கொக்கியை ஏற்றி இறக்கினார். மறுபடியும் ஏற்றி இறக்கினார். இந்த முறை கொக்கி 'ணங்'கென்று தரையில் மோதியது. வேடிக்கை என்று நான் கைதட்டினேன். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"வண்டி வராது மாப்ள. பிரேக் பட்ட தேஞ்சிருக்குது."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "போன வாரந்தானுங்க புதுப் பட்ட போட்டீங்க?" என்றாள். சேலத்திலிருந்து பட்டை வந்ததும் அதை மாட்டியதும் தெரு முழுக்கத் தெரியும்.

"எனக்காக வேணாங்க மச்சான். உங்க புள்ளையக் காப்பாத்துன சாமிக்கு ஒரு நாளு வண்டி விடக் கூடாதுங்களா?" என்றார் மாமா.

"வேற வண்டி சொல்லிக்க" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

தர்மபுரியிலிருந்து மஞ்சள் கிரேன் வந்தது. மாமா பறந்தார். மேலே நீட்டிக் கொடுத்த தம்பி, கோபுரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக மாமாவின் கையில் மூத்திரம் பெய்தான். எல்லோரும் சிரித்தோம். கொக்கிக்குக் கீழே ஒரு கோழி வந்தாலும் கத்தித் தீர்க்கிற அப்பா, அன்று ஊர்வலம் முடியும்வரை கொக்கிக்கு நேர் கீழேயே நடந்து வந்தார். அந்தக் கூட்டத்தில் அவரோடு யாரும் பேசவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீர் வந்தது, தாய்மாமன் வரவில்லை. அம்மா அந்தத் தட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேனை ஓட்ட அந்தத் தை மாதமே ஆள் போட்டுவிட்டார் அப்பா. முதலாளியாகிவிட்டார், இனிமேல் சொந்தம் எதற்கு என்றார்கள் உறவுக்காரர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாமா போன வருடம் இறந்துபோனார். இந்த வருடம் அப்பாவுக்கு வலது கால் விரலில் புண் வந்தது, சர்க்கரை. விரலை எடுக்க வேண்டும் என்ற டாக்டர், எப்போதிலிருந்து இந்தக் காலில் உணர்ச்சி இல்லை என்று கேட்டார்.

"பையன் கைக்கொழந்தையா இருக்கறப்பவேங்க" என்றார் அப்பா. "மிதிச்சிருக்கறனா இல்லியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். டாக்டர் போனதும், "எந் தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றாள்.

"சொல்லியிருந்தா, முருகன் பாத்துக்குவான்னு புள்ளையோட தொங்கியிருப்பான்" என்றார் அப்பா.

மாமாவை அறிந்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. மறுப்பதற்கு மாமாவும் இல்லை. அவரிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மார்கழி முழுவதும் நான் ஓடி ஓடி எடுத்து வந்தது வலது கால் செருப்பைத்தான். இடது கால் செருப்பு ஒரு நாளும் கழன்றதில்லை. காலடியில் வைத்து, "மாட்டிக்கங்கப்பா" என்பேன். கால் உள்ளே போய்விட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் அப்பா அடுத்த அடி வைப்பார். அதையும் அவர் விளையாட்டுக்குச் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன்.