கயீராவின் கையில் இருந்த துணி

மலாவி ஏரிக்கரையில் மீன் காயப்போடும் நியாலுங்குவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வேதம் முழுவதையும் காதால் கேட்டவள்தான். ஆனால் கேட்டதை விடமாட்டாள். போதகர் ஒரு பெயரை மாற்றிச் சொன்னாலும் முன் பெஞ்சிலிருந்து தொண்டையைச் செருமுவாள். இருபத்திரண்டு வருடம் மாதர் சங்கத்தின் வெள்ளைத் தலைத்துணி கட்டி அங்கே உட்கார்ந்தவள், இன்று பின் பெஞ்சில் இருக்கிறாள்.

அந்தச் சபையில் தப்புச் செய்தவர்களுக்கான இடம் பின் பெஞ்சு. ஆறு மாதம் திருவிருந்து கிடையாது. பெண் என்றால் தலைத்துணியையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்கள் என்னவோ தப்பே செய்யப் பிறக்காதவர்கள் போல, அங்கே ஓர் ஆண் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தோவேரா என்ற இளம் விதவை, சபை மூப்பர் கயீராவின் வீட்டுக்கு உலர்ந்த மீன் கொடுக்கப் போனாள். அவர் மனைவி வெளியூரில் இருந்தாள். கயீரா கதவைச் சாத்தி, அவள் இடுப்பில் சுற்றியிருந்த துணியைப் பிடித்து இழுத்தார். துணியை அவர் கையிலேயே விட்டுவிட்டு உள்பாவாடையோடு ஓடிவந்து நியாலுங்குவின் மீன் பந்தலில் விழுந்தாள் அந்தப் பெண். நியாலுங்கு தன் துணியை அவளுக்குச் சுற்றிவிட்டாள். மரவள்ளிக் களியை உருட்டிக் கையில் கொடுத்துத் தின்ன வைத்தாள்.

மறுநாளே கயீரா முந்திக்கொண்டார். துணியை மடித்து மூப்பர்களின் மேசையில் வைத்தார்.

"இது என் வீட்டுல கிடந்துச்சு. என்னை விழவைக்கத்தான் வந்தா. கர்த்தர் காப்பாத்துனாரு."

மற்ற ஐந்து மூப்பர்களும் தலையாட்டி, தோவேராவுக்கு ஆறு மாதம் பின் பெஞ்சு என்று தீர்த்தார்கள். ஒருவராவது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. வெட்கம் கெட்டவர்கள்.

தலைத்துணியைக் கழற்றி வாங்குவது சங்கத்தில் மூத்தவளின் வேலை. மூத்தவள் நியாலுங்கு. சனிக்கிழமை கயீரா பந்தலுக்கு வந்தார்.

"நாளைக்கு நீங்கதாம்மா வாங்கணும்."

"வாங்காட்டி?"

"ஏன் வாங்காம? சங்கத் தலைவி இடம் காலியாகுது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரும் அதுல உட்கார்ந்ததில்ல. நான் சொன்னா நீங்க உட்காரலாம்."

நியாலுங்குவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவள் கட்டைவிரலை மையில் அழுத்தும்போதெல்லாம் சிரித்தவர்கள் அந்தச் சங்கத்தில் உண்டு. அன்று முழுவதும் மீனைப் புரட்டிக்கொண்டே, மனதுக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

போதகருக்கு ஒன்பது சபைகள் என்பதால் அந்த ஞாயிறு கயீராதான் பிரசங்கம். எஜமானின் மனைவி ஆசைப்பட்டுப் பிடித்து இழுத்தபோது ஓடித் தப்பிய யோசேப்பின் கதையை எடுத்தார், துணிச்சலைப் பாருங்கள். சோதனை வந்தால் யோசேப்பைப் போல வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடுங்கள் என்றார். முடித்துவிட்டுத் தோவேராவை முன்னால் கூப்பிட்டார்.

நியாலுங்கு எழுந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மூப்பரே, நீங்க சொன்னதைத்தான் கேட்டேன். யோசேப்பு ஓடுனப்ப துணி யார் கையில இருந்துச்சு?"

"எசமான் போத்திபார் பொண்டாட்டி கையில."

"அப்ப தப்பு யாரு மேல? விட்டுட்டு ஓடுனவன் மேலயா, கையில வச்சிருந்தவ மேலயா?"

கயீரா வேதத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

"தோவேரா துணி யார் கையிலய்யா இருந்துச்சு?"

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. கயீரா வேதத்தை மூடினார்.

"பொம்பளைக்கு வாய் நீளம்."

"வாய் மட்டுந்தான். கை நீளமில்ல."

அதற்குத்தான் அவளுக்கும் ஆறு மாதம். தன் தலைத்துணியைத் தானே அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, தோவேராவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். தலைவி நாற்காலி வேறொருத்திக்குப் போனது.

ஆறு மாதம் முடிந்ததும் போதகர் வந்தார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு ரெண்டு பேரும் முன்னால வாங்கம்மா."

"எதுக்கய்யா மன்னிப்பு? அவரு வந்து இந்தப் பொண்ணுகிட்ட கேக்கட்டும். அப்புறம் வர்றோம்."

நாலு வருடம் ஆகிவிட்டது. அவர் கேட்கவில்லை, இவர்கள் போகவில்லை. தண்டனையே இல்லாத இரண்டு பெண்கள் இப்போது தாங்களாகவே வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பாட்டு அங்கிருந்துதான் உரக்கக் கேட்கிறது.

கயீரா இன்னும் பிரசங்கம் செய்கிறார். நோவா வருகிறார், யோனா வருகிறார், சாலொமோன் மாதம் இருமுறை வருகிறார். யோசேப்பு மட்டும் நாலு வருடமாக அந்தச் சபைக்கு வரவேயில்லை.