சிலேட்டைத் தாண்டிய வரி

பேட்டையில் நானே எழுப்பிய அச்சகத்தில், மருமகள் கணினியில் ஒரு கோவிலின் தல வரலாற்றைத் திறந்தாள். வரிகள் திரைக்கு வெளியே ஓடின. அவள் ஒரு கட்டளையைத் தட்டினாள். எல்லா வரிகளும் நாற்பது எழுத்தில் மடங்கி நின்றன.

எனக்கு ஆத்திரம் வந்தது. கோவை இலை தேய்த்துத் துடைத்த சிலேட்டின் பச்சை வாடையும் கூடவே வந்தது.

மூன்றாம் வகுப்பில் எனக்கு வரியை மடக்கத் தெரியாது. சிலேட்டு முடிந்ததும் மரச்சட்டத்தில் எழுதி, பெஞ்சில் எழுதி, பக்கத்துப் பையனின் சிலேட்டுக்கே போய்விட்டேன்.

"ஏலே, கொற்கை வரைக்கும் எழுதுவியோ?" என்று சார்வாள் பிரம்பு ஒடிய அடித்தார். அப்பாவை வரவழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது வே, கூட்டிட்டுப் போம்" என்றார். அப்பாவும் மறுபேச்சில்லாமல் கூட்டிப்போனார். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப் போன நான்தான் இன்று நாலு அச்சு இயந்திரம் ஓட்டுகிறேன். எங்கள் ஊர் ஆற்றுக்கு இருகரையிலும் நான் அடிக்காத கல்யாணப் பத்திரிகை இல்லை.

மருமகள் உதட்டைப் பிதுக்கினாள். "மாமா, சொல்லையெல்லாம் பாதியில வெட்டிருச்சு."

"அப்போ?"

"அதுக்கென்ன, இன்னொரு தடவ செய்யச் சொன்னாப் போச்சு."

கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்துத் தட்டினாள். சொற்கள் முழுதாக நின்றன.

இயந்திரத்துக்கு இன்னொரு தடவை உண்டாம். அதை எனக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சார்வாளுக்கு என்ன குறைந்து போயிருக்கும்?