பரமேஸ்வரி அக்காவின் இடது கை

செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் நின்றபடி வாட்ஸ்அப்பைத் திறந்தேன். எங்கள் துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தின் குழுவில் பரமேஸ்வரி அக்காவின் படம், கீழே கண்ணீர் அஞ்சலி. பள்ளி மைதானத்தில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்ததெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. படத்தில் அக்கா தன் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

ஓடைப்பட்டியில் திராட்சை போடும் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. கூடலூரில் உடற்கல்வி ஆசிரியை. குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இடது மணிக்கட்டு நொறுங்கியதில், உள்ளே தகடு வைத்திருந்தார்கள். அந்த மணிக்கட்டு பின்னால் சரியாக மடங்காது, மடக்கினால் வலிக்கும். கதவைத் தள்ளக்கூட முழங்கையைத்தான் கொடுப்பார். அந்தக் கையோடுதான் பழனிசெட்டிபட்டியில் உள்ள எங்கள் மையத்துக்கு வந்து ஏர் ரைஃபிள் சுடக் கற்றுக்கொண்டார். நானும் அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

நின்று சுடும்போது இடது கையின் வேலை துப்பாக்கியை இறுக்குவதல்ல, தாங்குவது. முழங்கை இடுப்பில் ஊன்றியிருக்கும். சிலர் உள்ளங்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியை உட்கார வைப்பார்கள். அதற்கு மணிக்கட்டு நன்றாகப் பின்னால் மடங்க வேண்டும். சிலர் விரல்களை மடக்கி, மூடிய கையின்மேல் வைப்பார்கள். மணிக்கட்டு நேராக நிற்கும். இரண்டுக்கும் விதியில் இடமுண்டு. அக்கா எதையும் கேள்விப்பட்டதோடு விடவில்லை. ஒவ்வொரு விதமாகவும் துப்பாக்கியைத் தாங்கி, கண்ணை மூடிச் சற்று நின்று, திறந்து, குறி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பார். மடக்கிய கையில்தான் அது விலகாமல் நின்றது. "எலும்பு தாங்கிருச்சுன்னா சதைக்கு அங்கன என்ன வேல?" என்று என்னிடம் சொன்னார். அதோடு முடிவு செய்துவிட்டார்.

பயிற்சியாளருக்கு அது பொறுக்கவில்லை. தன் மையத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மணிக்கட்டைப் பற்றி அக்கா சொன்னபோது, சாக்குச் சொல்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். விளம்பரத்துக்காகப் படம் எடுத்த அன்று அக்காவின் பக்கத்தில் வந்து, மடக்கியிருந்த விரல்களைத் தன் கையாலேயே பிரித்துவிட்டார். கேமராக்காரர் வேறு, சிரிக்கச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. படம் எடுத்து முடித்த பிறகு அவரால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

மறுநாள் அக்கா மறுபடியும் கையை மடக்கியே நின்றார். அணியில் இடம் வேண்டுமானால் கையை விரிக்கச் சொன்னார் பயிற்சியாளர். அக்கா துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மாட்டேன் சார். உங்களுக்குப் புடிச்ச மாதிரி புடிச்சா, குண்டு உங்களுக்குப் புடிச்ச எடத்துலயா போயி விழும்?"

அன்றே அவர் பெயர் அணியிலிருந்து போனது. மதுரையில் நடந்த போட்டிக்கு அக்கா தனியாகப் பதிவு செய்துகொண்டு போனார். நானும் கூடப் போனேன். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் முடிவுப் பட்டியலில் எங்கள் மையத்தின் அணியில் வந்த அத்தனை பேருக்கும் மேலே இருந்தது அவர் பெயர். ஊருக்குத் திரும்பிய பிறகு, அக்கா தன் மாணவி என்று பயிற்சியாளர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அதை இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இரங்கல் கூட்டத்தை மையத்திலேயே வைத்தார்கள். மேடையில் அதே படம், ஆளுயர பேனராக. பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, சொன்ன சொல்லைத் தட்டாத பெண் என்றும் பொறுமைசாலி என்றும் அக்காவைப் புகழ்ந்தார். முன்வரிசையில் இருந்த அக்காவின் தங்கை எழுந்தார்.

"எங்க அக்கா இப்படிப் புடிக்கவே மாட்டாகளே. இந்தப் படத்த யாரு வச்சாக?"

நான் எழுந்து சொன்னேன். எந்த நாள், யார் விரலைப் பிரித்தது, யாருக்கு வலித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். துக்கத்துக்கு வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று பின்னாலிருந்து ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். துக்கம் எனக்கு, சண்டையும் எனக்குத்தான் என்றேன். தங்கையும் நானும் போய் பேனரை அவிழ்த்தோம். பயிற்சியாளர் தலையைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்காவின் பொறுமையைப் புகழ்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் பொறுமைசாலி இல்லை. தன் உடம்பைத் தனக்குத் தெரியும் என்ற உறுதியில் நின்றவர். அந்த உறுதிக்கு நீங்கள் கொடுத்த தண்டனையை வாங்கிக்கொண்டு, தன் வழியில் போய்ச் சுட்டவர். எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த "மாட்டேன்". அவர் அதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். எனக்கு அது வராது. நான் கத்தித்தான் சொல்வேன்.