பின்னாலிருந்து தள்ளும் கார்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களை வாடகைக்கு விடும் தொழிலில் சாவியைக் கொடுப்பது எளிது. சாவி, கார், ஆள் மூன்றும் ஒன்றாகத் திரும்பி வருவதற்குத்தான் என்னைப் போன்ற ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வாடகைக்கு எடுப்பவரைச் சிங்கப்பூரின் பூன் லே பக்கம் ஒரு டிரெய்லர் கம்பெனியின் காலி முற்றத்துக்கு அழைத்துப் போவேன். சிமெண்டுத் தரையில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அவரை ஓட்டச் சொல்வேன். எங்கள் கார்கள் எல்லாம் ரியர் வீல் டிரைவ். பெரும்பாலோர் ஓட்டிப் பழகிய காரில் எஞ்சினின் பலம் முன்சக்கரங்களுக்குப் போகிறது. மாட்டுவண்டி மாதிரி முன்னாலிருந்து இழுபடும். எங்கள் காரைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. ஈரத்தில் அளவுக்கு மீறி மிதித்தால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்களை எல்லாரும் படம் எடுப்பார்கள். சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிறவரை யாரும் எடுப்பதில்லை. நான் அந்தக் கட்டைக்காரர்களின் கட்சி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலி கண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

பூட்ஸ் போட்ட மாணவர்

ஆரோக்கியசாமி அண்ணன் சுவா சூ காங்கில் குடியிருப்பவர். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகள் அனிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மணப்பெண்ணை அழைத்துவர நீளமான வெள்ளைக் கார் ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் டிரைவரோடு பேசி வைத்திருந்தார்கள். அனிதா ஆசைப்பட்டதோ எங்களிடம் இருந்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார். "சர்ச் வாசல் வரைக்கும் அவ என் பொண்ணு தம்பி. நானே கொண்டுபோய் இறக்கணும்" என்றார் அண்ணன். கம்பெனி விதிப்படி நான் 'சரி' என்றால்தான் சாவி. சொல்லாவிட்டால் வெள்ளைக் கார் வரும். அப்பா பின்னால் மினி பஸ்ஸில் உறவினரோடு வருவார்.

முதல் பாடத்துக்கு இரும்பு முனை வைத்த பட்டறை பூட்ஸோடு வந்தார். அந்தக் காரின் ஆக்சிலரேட்டரைக் குழம்புக்கு உப்புப் போடுவது போலத் தொட வேண்டும். அந்த பூட்ஸோ மூட்டையை அப்படியே கவிழ்த்தது. பின்சக்கரங்கள் தண்ணீரை வாரி இறைக்க, நாங்கள் கிளம்பிய இடத்திலேயே கொஞ்சம் பக்கவாட்டில் நின்றோம். நாளைக்கு மெல்லிய அடியுள்ள காலணி போட்டு வாருங்கள், பாதத்துக்கு மிதி தெரிய வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாதுகாப்பா ஓட்டக் கத்துக்கத்தானே தம்பி வரச் சொன்னீங்க? நான் பாதுகாப்பாத்தானே வந்திருக்கேன்."

எலுமிச்சம்பழம் போன திசை

அதே வாரம் செந்தில் என்ற மென்பொருள்காரர் அழைத்தார். சொந்தமாகவே ஒரு ரியர் வீல் டிரைவ் வாங்கியிருந்தார். முதல் ஓட்டத்துக்கு நான் கூட இருக்க வேண்டுமாம். போனேன். லிட்டில் இந்தியாவில், கோயிலை ஒட்டிய சந்து. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பூசை முடிந்து நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார் பட்டுப்புடவையில் காருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். நான்கும் ஒரே மூச்சில் நசுங்க வேண்டும், பாதியில் நின்றால் நல்லதல்ல என்பது அவர் உத்தரவு.

மெல்ல நகர்ந்தாலே நசுங்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செந்தில் முழுக்க மிதித்துவிட்டார். வழுக்கலைத் தடுக்கும் கருவியையும் முன்பே அணைத்து வைத்திருந்தார். அணைத்தால்தான் காரின் உண்மையான குணம் தெரியும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். தெரிந்தது. முன்டயர்கள் தத்தம் பழங்களை ஒழுங்காக நசுக்கின. பின்டயர்கள் ஈரத்தில் வெறுமே சுழன்று, தம் பழங்களைக் கவ்வி, பின்பக்கமாக எறிந்தன. சுழலும் சக்கரத்தின் அடிப்பாகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று அங்கேயே ஒரு சிறு உரை நிகழ்த்தலாமா என யோசித்தேன். அதற்குள் மாமியார் புடவையில் ஒட்டிய விதைகளைத் தட்டிக்கொண்டே கண்ணாடி அருகில் வந்து கேட்டார்: "மாப்பிள்ளை, திருஷ்டி காருக்குத்தானே கழிச்சோம்?"

கூம்பு பார்த்தது

முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைவாக அடுக்கி வைத்திருப்பேன். கார் வழுக்கும்போது போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மோதிவிடுமோ என்று பயப்படும் பொருளைப் பார்க்காதீர்கள். கண் போகிற வழியில் கை போகும். இதை எல்லாருக்கும் சொல்கிறேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுக் கூம்பைத்தான் பார்க்கிறார்கள்.

பிரவீன் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், வங்கியில் வேலை. வரிசையில் முதல் கூம்பைச் சாய்த்தான். இரண்டாவதையும் சாய்த்தான். மூன்றாவதைத் தவிர்க்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் அதையே உற்றுப் பார்த்தபடி போய், காருக்கடியில் இழுத்துக்கொண்டு வந்தான். குனிந்து அதை வெளியே எடுத்தபடி, "ஏன் கூம்பையே பார்க்கிறாய்?" என்று கேட்டேன். "ப்ராமிஸ் அண்ணா, நான் பார்க்கவே இல்ல லா. அதுதான் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

நிறுத்துவது எப்படி என்று தெரிந்தவர்

கூம்பு விஷயத்தில் ஆரோக்கியசாமி அண்ணன் தங்கம். தொட்டதே இல்லை. அவருடைய சிக்கல் வேறு. வளைவில் பின்பக்கம் ஒரு விரற்கடை நழுவினாலும் சட்டென்று காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்துவிடுவார். காலைத் தூக்கினால் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்டயர்களின் பிடி இன்னும் குறைகிறது, கார் அரைச் சுற்றுச் சுற்றி வந்த வழியைப் பார்த்து நிற்கிறது. மறுபடி ஓட்டுவோம். மறுபடி வந்த வழியைப் பார்ப்போம். அந்த முற்றத்துச் சுவர்களைத் திசைக்கொன்றாகப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இது பயந்த ஆளின் கால் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பட்டறையில் அவருடைய வேலையே அதுதான். ஏதோ சரியில்லை என்று தோன்றிய நொடியில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். புதிதாகச் சேரும் தொழிலாளிகளுக்கு அதைத்தான் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பார். அந்த ஒழுக்கம் மூளையிலிருந்து இறங்கி வலது காலில் குடியேறிவிட்டது. நான் எடை மாற்றம், உராய்வு, திசைவேகம் என்று பாடப்புத்தகத் தமிழில் நெடுநேரம் பேசினேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஊர்ல உள்ள எல்லாருக்கும் நிறுத்துன்னு சொல்லியே காலம் ஓடிப்போச்சு தம்பி. இப்ப என்னையப் பாத்து நிறுத்தாதேன்னா எப்படி?" என்றார்.

தொங்கும் சரக்கு

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோதும் அண்ணன் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளி வெள்ளைக் காருக்கே சொல்லிவிடட்டுமே என்றார். நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்திருந்தேன். அனிதாவுக்கு ஏதாவது ஆனால் என் 'சரி'யை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதை அண்ணனிடமே சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிரேன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் காட்டி, சரக்கு தொங்கும்போது கிரேனைச் சட்டென்று நிறுத்தினால் சரக்கு வீசி ஆடும், அதனால் இழுத்த இழுப்பிலேயே கொண்டுபோய் மெல்லத்தான் தளர்த்துவார்கள் என்றார். இந்தக் காரின் பின்பக்கமும் தொங்கும் சரக்குதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த சுற்றில் பின்பக்கம் நழுவியது. கால் தூக்கவில்லை, மெல்லத் தளர்ந்தது. கார் தானாக நேரானது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. அந்தக் கிரேன் உவமையை அன்றிலிருந்து எல்லா மாணவர்களிடமும் என் சொந்தச் சரக்காகவே சொல்லி வருகிறேன். அண்ணன் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா, இவ்வளவு தண்ணி செலவாகியிருக்காதே தம்பி."

முதலாளியின் கவலை

இருந்தாலும் என் மனம் முழுக்க ஆறவில்லை. முற்றத்தில் நழுவினால் மோதுவதற்கு ஒன்றுமில்லை; சாலை அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், போக வேண்டிய வழியை அண்ணனும் நானும் அவருடைய வேனிலேயே போய்ப் பார்த்தோம். சுவா சூ காங்கிலிருந்து டோபி காட் பக்கம் இருக்கும் சர்ச் வரை. ஒரு வளைவில் சாலை வேலைக்காக இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். மழை பட்டால் அது கண்ணாடி. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நடைபாதையிலிருந்து குனிந்து நிமிர்ந்து அதை ஆராய்ந்துவிட்டு, பெண் வீட்டுக்காரர் என்ற முறையில் இதற்கும் கல்யாணப் பத்திரிகை வைத்துவிடலாமா என்றார் அண்ணன்.

நான் முதலாளியிடம் 'சரி' என்று சொன்னேன். காலையில் கிளம்ப வேண்டும், வழுக்கல் தடுப்புக் கருவியை அணைக்கக் கூடாது, நான் பின்னாலேயே இன்னொரு காரில் வருவேன் என்று நிபந்தனைகளை அடுக்கினேன். ஒரு மனிதனின் உயிர், ஒரு மணப்பெண்ணின் உயிர், என் மனசாட்சி மூன்றையும் சேர்த்துப் பேசியதாக எனக்கு நினைப்பு. முதலாளி காரைச் சுற்றி ஒரு நடை வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்தார். "அவர் ஓட்டுவார், சரி. பூவை டேப் போட்டு ஒட்டினா பெயிண்ட் உரியும். அதை அவர்கிட்ட சொன்னியா, இல்லையா?"

சிவப்புக் கார்

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. சிங்கப்பூர் மழை நமக்குத் தெரிந்ததுதான். நாள் பார்க்கும், ஆனால் நல்ல நாளாகத்தான் பார்க்கும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே அனிதாவை ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். சாலையில் எல்லாரும் எங்களை முந்திப் போனார்கள். ஒரு சிமெண்டு லாரி ஹார்ன் அடித்துவிட்டு முந்தியது. இரும்புத் தகட்டின் மேல் பூனை நடப்பது போலக் கடந்தார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். சர்ச்சுக்குத் திரும்பும் கடைசிச் சந்திப்பில்தான் சோதனை வந்தது. சாலையில் தீட்டியிருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல் பின்டயர் ஏறியது. கார் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் வெளியே நழுவியது. அரை முழம் இருக்கும். ஓரத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா இயற்பியலும் அந்த நேரத்தில் மறந்துபோனது. பிரேக் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

எரியவில்லை. முன்சக்கரங்கள் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாய்ந்தன, பிறகு நேராயின. சிவப்புக் கார் ஒன்றுமே நடக்காதது போல சர்ச் வளாகத்துக்குள் நுழைந்தது. நான் பின்னாலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டார், கைகள் மட்டும் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. சட்டைக் காலர் நனைந்திருந்தது; காருக்குள் மழை பெய்ய வழியில்லை. என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அனிதா கவுனைத் திரட்டிப் பிடித்துக்கொண்டு குடைக்குள் இறங்கினாள். வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் குனிந்து காருக்குள் பார்த்துச் சொன்னாள்: "என்னப்பா நீங்க, இவ்வளவு மெதுவா வர்றதுக்கா இந்தக் காரு? எனக்கு நடுவுல தூக்கமே வந்துடுச்சு."

அப்பா தேறிவிட்டார் என்பதற்கு, அரை முழம் நழுவியது தெரியாமல் மகள் அலுத்துக்கொண்டு இறங்கியதைவிட நல்ல சான்றிதழ் எங்கள் கம்பெனியில் அச்சடிக்கப்படுவதில்லை.